பிறகு நினைவூட்டு

பகாவ் பேருந்து நிலையத்துக்கு எதிரே,
சாவி வெட்டும் ஆ ஹோய் கடையை ஒட்டி, என் கடை.
நகல் இருபது காசு. பாரம் நிரப்ப மூன்று வெள்ளி.
மனு என்றால் ஐந்து. அழுதுகொண்டே சொன்னால்
நாலு.

செவ்வாய்க்கிழமை கதவைத் தூக்கினால்
இரவோடிரவாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு
நீல முகத்தோடு உட்கார்ந்திருக்கிறது கணினி.
"வணக்கம், தவமலர்."
நான் இன்னும் செருப்பே கழற்றவில்லை.

மின்னஞ்சல் கேட்டது. கைப்பேசி எண் கேட்டது.
முகத்தைக் காட்டு என்றது.
விடியாத நேரத்துத் தோட்டத்துப் பெரட்டு மாதிரி:
பேர் கூப்பிட, ஆள் முன்னால் வந்து நிற்க,
கிராணி செக்ரோலில் கோடு இழுக்க.
அங்கேயாவது
புத்தகம் எந்த இழுப்பறையில் என்று தெரியும்.
சாவி எவன் இடுப்பில் என்று தெரியும்.

ஆயிரத்து அறுநூறு வெள்ளி. பதினெட்டு மாதத் தவணை.
ரசீது இன்னும் இருக்கிறது.
என் கடைக்குள் நான் நுழைய
யாரிடமோ அனுமதி வாங்கினேன்.

புது வசதியாம்.
சில நொடிக்கொரு முறை திரையைப் படம்பிடித்துக்கொள்ளுமாம்.
நான் மறந்ததை அது நினைவில் வைத்திருக்குமாம்.
எனக்கு எதுவும் மறக்கவில்லை, அதுதான் தொல்லை.
கோமளேஸ்வரியின் ஜீவனாம்ச மனு.
மண்டோர் பச்சையப்பனின் சர்க்கரை அளவு.
சேமநிதியை எடுத்து, மகனுக்குத் தெரியாமல்
இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தவர்...
அவர் பேரை இங்கேயும் எழுத மாட்டேன்.

இயக்கட்டுமா என்று கேட்டது. இரண்டே பொத்தான்.
இப்போதே.
பிறகு நினைவூட்டு.
வேண்டாம் என்பதற்குப் பொத்தான் இல்லை.

அறைக்குள் அறையாக இறங்கித் தேடி
எட்டு சுவிட்சை அணைத்தேன்.
வியாழக்கிழமை பார்த்தால் அதில் மூன்று
தானாக எரிகின்றன.
ஆ ஹோய் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.
"உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு, தங்கச்சி?"
வருகிற சாவிக்கெல்லாம்
உங்களுக்கென்று ஒன்று வெட்டி வைத்துக்கொள்வீர்களா
என்று கேட்டேன்.
சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை, மழையோடு வந்தான் ஷஃபீக்.
செம்பனைக் குலை வெட்டுகிறவன்.
விரலிடுக்கெல்லாம் முள் குத்திய கறுப்பு.
அவன் கடப்பிதழை அலுவலகம் வாங்கி வைத்து
பதினொரு மாதம்.
தொழிலாளர் இலாகாவுக்கு ஒரு கடிதம் வேண்டும்.
நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தான்.
திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"அக்கா, இனி சிம்பான் கெ?"
இது எடுத்து வைத்துக்கொள்ளுமா என்று கேட்கிறான்.

பதின்மூன்று வருடமாக
இந்தக் கேள்விக்கு நிமிர்ந்து சொன்ன பதில் ஒன்றுதான்.
வாயைத் திறந்தேன்.
"பிறகு" என்று வந்தது.

இணைப்பைப் பிடுங்கினேன். அதுவும் போதாதென்று
கணினியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.
கோடு போட்ட தாள். நீல மை.
அவன் சொல்ல, நான் எழுத
(அவன் மலாய் என்னுடையதைவிடச் சுத்தம்)
தேதி, தோட்டத்தின் பேர், டிவிஷன் எண்.
மேலாளர் பேர் வந்தபோது அவன் குரல் தாழ்ந்தது.
நானும் எழுத்தைச் சின்னதாக்கினேன்,
எதற்கென்று தெரியாமல்.

அழுத்திக் கையெழுத்துப் போட்டான்.
நகலெடுக்க எழுந்தவள்,
அந்த இயந்திரத்தின் வயிற்றிலும் ஏதோ தட்டு இருப்பதாகக்
கேள்விப்பட்டது நினைவு வந்து, உட்கார்ந்தேன்.
முதல் வரியிலிருந்து
இன்னொரு முறை எழுதினேன்.

ஐந்து வெள்ளி நீட்டினான். நாலு எடுத்துக்கொண்டேன்.
அவன் அழவில்லை.

வாசல் வரை போனவனைக் கூப்பிட்டேன்.
கட்டில் அடுத்த வெள்ளைத் தாளில்
எல்லா வரியும் பள்ளம் பள்ளமாகப் பதிந்திருந்தது.
வெளிச்சத்தில் சாய்த்தால் அவன் பேரைப் படிக்கலாம்.
கிழித்துக் கொடுத்தேன்.
"இதுவும் உன்னுதுதான்."
வெறும் தாளைப் புரட்டிப் பார்த்தான்,
நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்,
மழைக்குள் இறங்கினான்.

அதற்கும் அடுத்த தாளை
விரலால் தடவிக்கொண்டிருக்கிறேன்.